திருச்சியில் இறங்குவதா, மதுரையில் இறங்குவதா?

திருச்சி விமான நிலையத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் சுமார் 123 கிலோமீட்டர். காரில் போனால் 145 முதல் 150. ரயில் திண்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டு போவதால் ஜங்ஷனுக்கு ஜங்ஷனே ஏறக்குறைய 155 வரும். இரு ஊரிலும் ஸ்டேஷனுக்கும் விமான நிலையத்துக்கும் இடையில் உள்ள தூரம் தனிக்கணக்கு. மூன்றும் சரியான பதில்தான். ஆனால் டிக்கெட் எடுக்க உட்காரும்போது கிலோமீட்டரை ஓரமாக வைத்துவிட்டு மணிக்கணக்கைப் பார்ப்பதே நல்லது.

இந்தக் கேள்வி யாருக்கெல்லாம் வருகிறது? மலேசியாவிலிருந்து திருச்சிக்கு டிக்கெட் மலிவாகக் கிடைத்த மதுரைக்காரருக்கு வருகிறது. காரைக்குடியில் இருந்துகொண்டு இரண்டு பக்கமும் சம தூரத்தில் மாட்டிக்கொண்டவருக்கு வருகிறது. வெளிநாட்டிலிருந்து திருச்சியில் இறங்கி, அதே நாளில் மதுரையில் இன்னொரு விமானம் ஏற நினைப்பவருக்கும் வருகிறது. மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. கடைசி ஆளுக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடலாம்: இரண்டுக்கும் நடுவே ஆறு மணி நேரம் இல்லையென்றால் அந்த டிக்கெட்டை எடுக்காதீர்கள். ஏன் ஆறு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் வான்வழியைக் கழித்துவிடலாம். இரண்டு ஊருக்கும் நடுவே நேரடி விமானம் இல்லை. சென்னை வழியாகப் போகலாம்தான். தெற்கே 123 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்குப் போக, வடக்கே சுமார் 300 கிலோமீட்டர் பறந்து, சென்னையில் காத்திருந்து, மறுபடி தெற்கே 400-க்கும் மேல் பறக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், காரில் போனவர் மதுரையில் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டிருப்பார். மிச்சம் இருப்பது கார், பஸ், ரயில்.

சாலை வழி

என்.எச். 38 நல்ல நான்குவழிச் சாலை. விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் என்று ஊர்களை ஒதுக்கிவிட்டே போகும். நடுவில் இரண்டு டோல்கேட்: விராலிமலைக்குப் பக்கத்தில் பூதகுடி, மேலூருக்கும் மதுரைக்கும் இடையில் சிட்டம்பட்டி. சாதாரண நாளில், வேகக் கட்டுப்பாட்டை மீறாமல், விமான நிலைய வாசலிலிருந்து வாசலுக்கு இரண்டே கால் முதல் இரண்டரை மணி நேரம். இடையில் டீ குடித்தால் கூடக் கால் மணி.

நெடுஞ்சாலைப் பகுதியில் நேரம் பெரிதாக மாறாது. விளையாட்டெல்லாம் இரண்டு முனைகளில்தான். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. மதுரை சாலை வேறு பக்கம். வெளியே வந்து டி.வி.எஸ். டோல்கேட் வரை வடக்கே போய், அங்கிருந்து பைபாஸைப் பிடித்து, மன்னார்புரம் தாண்டிப் பஞ்சப்பூர் வந்தால்தான் மதுரைச் சாலை கைக்கு வரும். தெற்கே போக வேண்டியவர் முதல் கால் மணி நேரம் வடக்கே போகிறார் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். டிரைவர் சுற்றுகிறாரோ என்று சந்தேகப்படுவார்கள். அவர் சுற்றவில்லை, வழியே அப்படித்தான்.

மதுரை முனை இன்னும் சுவாரசியம். மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, அவனியாபுரம் தாண்டிப் பெருங்குடிப் பக்கம் இருக்கிறது. திருச்சியிலிருந்து வருகிறவர் நுழைவதோ வடகிழக்கு மூலையில். ஆக, மதுரை வந்துவிட்டது என்று பெருமூச்சு விடும் இடத்திலிருந்து இன்னும் பதினைந்து, பதினேழு கிலோமீட்டர் பாக்கி. ஒத்தக்கடை தாண்டியதும் டிரைவர் கேட்பார்: "அண்ணே, ரிங் ரோட்டுல போயிரவா, ஊருக்குள்ள விடவா?" யோசிக்கவே வேண்டாம், ரிங் ரோடு. உத்தங்குடியில் இடது பக்கம் திரும்பி, பாண்டி கோயில் வழியாக, ராமேஸ்வரம் சாலை குறுக்கிடும் விரகனூர் ரவுண்டானா தாண்டி, சிந்தாமணி, மண்டேலா நகர். அங்கிருந்து விமான நிலையம் கூப்பிடு தூரம். பாண்டி கோயிலில் கிடா வெட்டு இருக்கிற நாளில் சாலை ஓரம் முழுக்க வேனும் ஷேர் ஆட்டோவும் நிற்கும். அங்கே ஒரு பத்து நிமிடம் போகலாம். ஊருக்குள் நுழைந்து, வில்லாபுரம், அவனியாபுரம் வழியாகப் போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று மதுரைக்காரர்களே பந்தயம் கட்ட மாட்டார்கள்.

துவரங்குறிச்சியிலிருந்து நத்தம் வழியாகவும் மதுரைக்கு ஒரு சாலை இருக்கிறது, என்.எச். 785. நத்தம் சாலையில் 2023-ல் திறந்த ஏழு கிலோமீட்டர் நீள மேம்பாலத்தில் போக நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது உங்களைக் கொண்டுபோய் இறக்கிவிடுவது தல்லாகுளத்தில், அதாவது ஊரின் வடக்கு நெஞ்சில். அங்கிருந்து வைகையைத் தாண்டி ஊரைக் கிழித்துக்கொண்டு தெற்கே போக வேண்டும். வீடு புதூர், அய்யர் பங்களாப் பக்கம் என்றால் இந்த வழி அருமை. விமானம் பிடிக்கப் போகிறவருக்கு உதவாது. மொபைல் மேப் சில நேரம் இந்த வழியைக் காட்டும். காட்டினாலும் கேட்க வேண்டாம்.

ஆண்டில் சில நாட்களைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. விமான நிலையத்துக்குப் போகிற வழியிலேயே வாடிவாசல் என்று வைத்துக்கொள்ளலாம்; போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், அன்றைக்கு ரிங் ரோடு தவிர வேறு வழியை நினைக்கவே கூடாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாள், அக்டோபர் 30 தேவர் ஜெயந்தி, இரண்டும் அதே ரகம். திருச்சிப் பக்கம் இந்தத் தொல்லை குறைவு. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் எவ்வளவு நெரிந்தாலும் அது காவிரிக்கு அந்தப் பக்கம். விமான நிலையத்துக்கு அந்தச் சூடு எட்டாது.

வாடகைக் கார் என்றால் ஒரு வழிக்கு மட்டும் பணம் வாங்கும் டிராப் டாக்ஸிதான் கட்டுப்படியாகும். பெரும்பாலும் குறைந்தபட்சம் 130 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்திருப்பார்கள். இந்தத் தூரம் அதைத் தாண்டிவிடுவதால் நஷ்டம் இல்லை. டோல், டிரைவர் பேட்டா இரண்டும் கட்டணத்தில் அடங்கியதா என்பதை ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கும்போது கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

பஸ், ரயில்

பஸ்ஸில் பெரிய குறை ஒன்றும் இல்லை. திருச்சி–மதுரை வழித்தடத்தில் இரவும் பகலும் பஸ் ஓடும். பஞ்சப்பூரில் 2025-ல் திறந்த புதிய பேருந்து முனையம் மதுரைச் சாலையிலேயே இருப்பதால், ஊருக்குள் ஊர்ந்து வெளியேறும் வேலை இப்போது இல்லை. விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் பஞ்சப்பூர், அங்கே நடுவில் நிற்காமல் போகும் எண்ட் டு எண்ட் பஸ், மதுரையின் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் இறங்கி மறுபடி ஆட்டோ அல்லது டாக்ஸி. பஸ் மட்டும் இரண்டரை மணி நேரம். ஏறி இறங்குவதெல்லாம் சேர்த்து மூன்றரை முதல் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தோளில் ஒரு பையோடு வருகிறவருக்கு இதுதான் சிக்கனம். இரண்டு பெரிய பெட்டி, ஒரு அட்டைப் பெட்டி, அதைச் சுற்றி நைலான் கயிறு என்று வருகிறவருக்கு மாட்டுத்தாவணிப் படிக்கட்டிலேயே பாதி உயிர் போய்விடும்.

ரயிலில் திருச்சி–மதுரை ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வைகை, தேஜஸ், வந்தே பாரத் என்று பகலில் ரயிலுக்குப் பஞ்சமில்லை. திருச்சி ஜங்ஷன் விமான நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான், அது பெரிய வசதி. மதுரை ஜங்ஷனிலிருந்து விமான நிலையம் பன்னிரண்டு கிலோமீட்டர், அதுவும் ஊருக்குள்ளேயே. ஆகவே ரயில், வீட்டுக்குப் போகிறவருக்கு நல்ல வாகனம். விமானத்துக்குப் போகிறவருக்குச் சுமார். விமானம் தாமதமானால் ரயில் காத்திருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் நிலைமை வேறு. சென்னையிலிருந்து தெற்கே போகும் இரவு ரயில்கள் வரிசையாகத் திருச்சியைத் தாண்டும். ரயில் இருக்கும், உட்கார இடம் இருக்காது.

திருச்சி விமானங்களில் பல இரவில்தான் வந்து இறங்குகின்றன. நான்கு மணி நேரம் பறந்து வந்து, இமிக்ரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் முடித்து ஒரு மணிக்கு வெளியே வந்தால், அழைத்துப்போக ஊரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்த தம்பி மாலையிலிருந்து அங்கேயே நின்று கண் சிவந்திருப்பான். அவன் ஓட்டுகிற காரில் இரண்டரை மணி நேரம் போவதைவிட பஸ் பாதுகாப்பு. அல்லது திருச்சியிலேயே அறை எடுத்து ஐந்து மணிக்குக் கிளம்பலாம். வீட்டில் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

அப்படியென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

உள்நாட்டுப் பயணம் என்றால் விவாதமே வேண்டாம். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி என்று பெருநகரங்களுக்கு இரண்டு ஊரிலிருந்தும் விமானம் உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பிடிப்பதே புத்தி. டிக்கெட்டில் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று மதுரைக்காரர் திருச்சிக்கு ஓடினால், டாக்ஸியும் டோலும் அதை வழியிலேயே விழுங்கிவிடும்.

வெளிநாடு என்றால் கதை மாறுகிறது. திருச்சியில் பல ஆண்டுகளாகவே உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள்தான் அதிகம். தமிழ்நாட்டில் இது வேறெங்கும் காணாத விஷயம். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா நகரங்கள் என்று நேரடி விமானங்கள். 2012-ல் சர்வதேச விமான நிலையம் ஆனது. 2024 ஜனவரியில் புதிய முனையத்தைத் திறந்து, ஜூனில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய முனையத்தில் முட்டி மோதி நின்ற வரிசைகள் நினைவிருப்பவர்களுக்கு இப்போதைய கூடம் வேறு உலகம்.

மதுரை ஏன் இப்படி இல்லை? ஊர் சிறியது என்பதா, கூட்டம் இல்லை என்பதா? இரண்டும் இல்லை. நாடுகளுக்கு இடையே விமானச் சேவை ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. எந்த நாட்டு விமானம் நம் நாட்டில் எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்று அதில் ஊர்ப்பெயரோடு எழுதியிருப்பார்கள். பெரும்பாலான நாடுகளோடு செய்த ஒப்பந்தங்களில் மதுரையின் பெயர் இல்லை. இலங்கை விஷயத்தில் அந்தத் தடை இல்லாததால் கொழும்பு விமானம் வந்து போகிறது. மற்ற நாட்டு நிறுவனங்கள் ஆசைப்பட்டாலும் இறங்க முடியாது. நம் நாட்டு நிறுவனங்கள் மனது வைத்தால்தான் உண்டு. அப்படித்தான் துபாய், சிங்கப்பூர், அபுதாபிக்கெல்லாம் மதுரையிலிருந்து நேரடி விமானம் பறந்திருக்கிறது. இந்த அட்டவணை அடிக்கடி மாறும், டிக்கெட் எடுக்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடுதளமும் ஒரு காரணம்: திருச்சியில் 2,480 மீட்டர், மதுரையில் 2,285 மீட்டர். மதுரை ஓடுதளத்தை நீட்டும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. நடுவே ரிங் ரோடு குறுக்கிடுவதும் நிலம் எடுப்பதும் இழுத்துக்கொண்டே போகின்றன. 2024 அக்டோபரில் 24 மணி நேர விமான நிலையமாக அறிவித்தார்கள், ஆனால் இரவில் திருச்சி அளவுக்கு விமானங்கள் இன்னும் வரவில்லை.

இப்போது ஒரு மதுரைக்காரர் கோலாலம்பூர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழி: மதுரையில் ஏறி, சென்னையில் மாறுவது. கிளம்ப ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே மதுரை விமான நிலையம், ஒன்றேகால் மணி பறப்பு, சென்னையில் உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்கு மாறி, இமிக்ரேஷன் முடித்துக் காத்திருக்க மூன்றரை மணி, அப்புறம் சுமார் நான்கு மணி நேரப் பறப்பு. வீட்டிலிருந்து கிளம்பியதையும் சேர்த்தால் பதினொரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இன்னொரு வழி: காரில் திருச்சிக்கு இரண்டரை மணி, அங்கே மூன்று மணி, நேராக நான்கு மணி. ஒன்பதரை. வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான், இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம்.

நேரத்தைவிட இரண்டு விஷயம் கனமானது. முதலாவது, பெட்டி. உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான் இலவசம். சென்னை வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால், வெளிநாட்டு விமானத்தில் 25, 30 கிலோ அனுமதி இருந்தாலும் மதுரை கவுண்டரில் அந்தப் பேச்சு எடுபடாது. கூடுதல் கிலோவுக்குக் காசு. இரண்டாவது, முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் தனி டிக்கெட்காரரை யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் இந்த இரண்டு கவலையும் பெருமளவு போய்விடும், அப்போது சென்னை வழி மோசமில்லை. தனித்தனியாகத்தான் கிடைக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு திருச்சி. துபாய்க்கோ கொழும்புக்கோ மதுரையிலிருந்தே நேரடி விமானம் கிடைக்கிற நாளில் திருச்சியை மறந்துவிடலாம்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு: புதுக்கோட்டை என்றால் திருச்சி; விமான நிலையம் உங்கள் சாலையிலேயே இருக்கிறது, ஊருக்குள் நுழையவே வேண்டாம். மணப்பாறையும் திருச்சிதான். சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர், தேனி எல்லாம் மதுரை. திண்டுக்கல்லும் மதுரைதான், நான்குவழிச் சாலையில் கப்பலூர் வரை வந்து ரிங் ரோட்டில் திரும்பினால் ஊரைத் தொடாமல் போய்விடலாம். ஆனால் வெளிநாட்டு டிக்கெட் நல்ல விலையில் கிடைத்தால் திண்டுக்கல்லிலிருந்து திருச்சியும் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான், தயங்க வேண்டியதில்லை.

காரைக்குடிதான் நிஜமான இழுபறி. இரண்டு பக்கமும் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். என் ஓட்டு திருச்சிக்கு. திருமயம், புதுக்கோட்டை வழியாக நேரே வந்தால் விமான நிலைய வாசல்; மதுரைக்குப் போனால் மேலூர் வழியாக வந்து ரிங் ரோட்டையும் சுற்ற வேண்டும். செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சிங்கப்பூர், மலேசியாவோடு இருக்கும் உறவைச் சொல்லவே வேண்டாம், அந்த விமானங்களும் திருச்சியில்தான் அதிகம்.

ஒரு நிலையத்தில் இறங்கி இன்னொன்றில் ஏறுவது எப்போதும் தவறு என்று நினைக்க வேண்டாம். கொழும்பிலிருந்து கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு இது அருமையான ஏற்பாடு. திருச்சியில் இறங்கி ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் பார்த்து, மதுரையில் மீனாட்சியைக் கும்பிட்டு, அங்கிருந்தே திரும்பலாம். வந்த வழியே 150 கிலோமீட்டர் திரும்பி ஓட வேண்டாம். சொந்தக் காரை ஒரு நிலையத்தில் நிறுத்திவிட்டுப் போகிறவர் மட்டும் இந்த யோசனைப் பக்கமே வரக்கூடாது.

அந்த ஆறு மணி நேரக் கணக்குக்கு வருவோம். திருச்சியில் தரை தொட்டதிலிருந்து பெட்டியோடு வெளியே வர ஒரு மணி. சாலையில் இரண்டரை. மதுரையில் உள்நாட்டு விமானத்துக்கே கவுண்டரை 45 முதல் 60 நிமிடம் முன்பு மூடிவிடுகிறார்கள். வரிசையில் நிற்கவும் நேரம் வேண்டும் என்பதால் ஒன்றரை மணி முன்னால் உள்ளே இருக்க வேண்டும். ஐந்து மணி நேரம் இங்கேயே போய்விட்டது. மிச்ச ஒரு மணி நேரம், வந்த விமானம் அரை மணி தாமதித்தால், சிட்டம்பட்டியில் முன்னால் நிற்கிற வண்டியின் ஃபாஸ்டேக்கில் காசில்லாமல் போனால், விரகனூரில் ஒரு லாரி நட்ட நடுவே நின்றுவிட்டால். அன்று பொங்கலாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.